செசமி ஸ்ட்ரீட்டைக் கட்டிய நிர்வாகி

1969 ஜூலை மாதம். ஒளிபரப்புக்கு இன்னும் நான்கு மாதம்தான் இருந்தது. ஐந்து சோதனை நிகழ்ச்சிகளை எடுத்து அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரத்துக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். பொம்மைகள் வந்த இடங்களில் பிள்ளைகள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எழுத்தையும் எண்ணையும் சொல்லித்தரும் கார்ட்டூன் துணுக்குகளும் எடுபட்டன. ஆனால் நிகழ்ச்சிக்குப் பெயர் கொடுத்த அந்தத் தெரு திரைக்கு வந்து, பெரியவர்கள் நின்று பேச ஆரம்பித்ததும் பிள்ளைகளின் கவனம் கலைந்துபோனது. எட்டு மில்லியன் டாலர் திட்டத்தின் முதுகெலும்பே ஆட்டம் கண்டது.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. நிஜ மனிதர்களையும் பொம்மைகளையும் ஒரே காட்சியில் கலந்தால் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் குழம்பிப்போவார்கள் என்று உளவியல் வல்லுநர்கள் எச்சரித்திருந்தார்கள். அதைக் கேட்டு, தெருவில் பொம்மைக்கு இடமில்லை என்று வைத்திருந்தார்கள். சோதனை முடிவு வந்ததும் அந்த அறிவுரை கைவிடப்பட்டது. எட்டடிக்கு மேல் உயரமான பறவை ஒன்றும், குப்பைத் தொட்டியில் குடியிருக்கும் சிடுமூஞ்சிப் பிராணி ஒன்றும் தெருவுக்குக் குடிவந்தன. பிக் பர்ட், ஆஸ்கர் என்ற அந்த இரண்டு பொம்மைகளையும் இயக்கியவர் ஒருவரே: கேரல் ஸ்பின்னி. நவம்பர் 10 அன்று ‘செசமி ஸ்ட்ரீட்’ முதன்முதலாக ஒளிபரப்பானபோது, ஃபிலடெல்ஃபியாவில் தூங்கி வழிந்த தெரு கலகலப்பாகியிருந்தது.

வல்லுநர் சொல்வதைக் கேட்டு நிகழ்ச்சியை எடுப்பது, குழந்தைகள் அதை ஏற்கவில்லை என்றால் வல்லுநரையே மீறுவது. இந்த இரண்டுக்கும் இடம் கொடுத்த நிறுவனம் அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சியில் வேறு எதுவும் இல்லை. அந்த நிறுவனத்தை உருவாக்கி, 20 ஆண்டுகளுக்கு மேல் தலைமை தாங்கி நடத்தியவர் ஜோன் கான்ஸ் கூனி. அவர் பொம்மலாட்டக் கலைஞர் அல்லர். பாட்டு எழுதியவர் அல்லர். ஆசிரியையாக வேலை பார்த்தவரும் அல்லர். அவர் ஒரு நிர்வாகி. பிக் பர்ட், குக்கி மான்ஸ்டர் போன்ற பொம்மைகளைத் தெரிந்த கோடிக்கணக்கானவர்களில் பெரும்பாலோருக்கு அவர் பெயர் தெரியாது.

1929 நவம்பர் 30 அன்று அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரத்தில் பிறந்தார் கூனி. அப்பா யூதர், வங்கி அதிகாரி. அம்மா கத்தோலிக்கர். வசதியான குடும்பம். அரிசோனா பல்கலைக்கழகத்தில் கல்வியியல் படித்து 1951-இல் பட்டம் வாங்கினாலும் வகுப்பறைப் பக்கம் அவர் போகவில்லை. ஜேம்ஸ் கெல்லர் என்ற கத்தோலிக்கப் பாதிரியாரின் பிரசாரம் அவரை வேறு பக்கம் இழுத்தது. நல்ல நோக்கம் உள்ளவர்கள் பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சிக்குள் நுழைய வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்தை மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள் என்பது கெல்லரின் வாதம். கூனி ஃபீனிக்ஸின் ‘அரிசோனா ரிபப்ளிக்’ நாளிதழில் நிருபராகச் சேர்ந்தார். 1953-இல் நியூயார்க் வந்தார்.

அங்கே அவர் பார்த்த முதல் வேலைகள் விளம்பரம் சார்ந்தவை. பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களின் நாடகங்களைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதவைக்கும் மக்கள் தொடர்பு வேலை. பணம் வந்தது. ஆனால் 1962-இல் நியூயார்க்கில் கல்வித் தொலைக்காட்சியான சேனல் 13 தொடங்கியபோது, அதை விட்டுவிட்டு அங்கே தயாரிப்பாளராகச் சேர்ந்தார். வறுமை, இனப் பிரச்சினை, நகர அரசியல் என்று விவாதங்களும் ஆவணப்படங்களும் எடுத்தார். நகரின் ஹார்லெம் பகுதியில் ஏழைக் கறுப்பினக் குழந்தைகளுக்காக நடந்த ஒரு முன்பள்ளிச் சோதனை முயற்சியைப் பற்றிய படமும் அவற்றில் ஒன்று. வறுமை ஒழிப்புத் திட்டம் பற்றி அவர் எடுத்த நிகழ்ச்சிக்கு எம்மி விருது கிடைத்தது.

அன்றைய சூழலையும் பார்க்க வேண்டும். 1961-இல் அமெரிக்க ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர் நியூட்டன் மினோ, தொலைக்காட்சி உரிமையாளர்கள் கூடியிருந்த அவையிலேயே, அவர்கள் நடத்துவது ஒரு பாழ்நிலம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அது பெரிய பேச்சானது. ஆனால் சனிக்கிழமைக் காலைகளில் கார்ட்டூனும், நடுவே பொம்மைக்கும் சர்க்கரை போட்ட சீரியலுக்கும் விளம்பரமும் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தன. சிபிஎஸ் நிறுவனத்தின் ‘கேப்டன் காங்கரு’ போன்ற ஓரிரு நிகழ்ச்சிகள் விதிவிலக்கு. மறுபுறம், ஏழைக் குழந்தைகள் பள்ளியில் சேரும்போதே மற்றவர்களைவிடப் பின்தங்கி இருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்லிவந்தார்கள். அதைச் சரிசெய்ய அதிபர் ஜான்சனின் அரசு 1965-இல் ‘ஹெட் ஸ்டார்ட்’ என்ற முன்பள்ளித் திட்டத்தைத் தொடங்கியது. எல்லா ஏழைக் குழந்தைகளுக்கும் முன்பள்ளி கட்டப் பணமும் இல்லை, ஆசிரியர்களும் இல்லை. தொலைக்காட்சிப் பெட்டி மட்டும் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட வீடுகளில் இருந்தது.

1966 பிப்ரவரியில் கூனியின் வீட்டில் ஒரு விருந்து நடந்தது. கார்னகி கார்ப்பரேஷன் என்ற அறக்கட்டளையின் துணைத் தலைவர் லாயிட் மோரிசெட் வந்திருந்தார். அவர் உளவியலாளரும்கூட. அவருடைய மூன்று வயது மகள் விடியற்காலையில் எழுந்து, நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன் திரையில் தெரியும் வெறும் சோதனைக் கோலத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாளாம். விளம்பரப் பாட்டெல்லாம் அவளுக்கு மனப்பாடம். இப்படிக் குழந்தையைக் கட்டிப்போடும் இந்தப் பெட்டியால் அதற்கு எதையாவது கற்றுத்தர முடியுமா என்று கூனியைக் கேட்டார் மோரிசெட்.

அடுத்த சில நாட்களில் கார்னகி அலுவலகத்தில் இதைப் பற்றிப் பேசக் கூடினார்கள். ஆராய்ச்சிக்கு ஒருவரை அனுப்ப வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, சேனல் 13-இல் கூனியின் மேலதிகாரியாக இருந்த லூயிஸ் ஃப்ரீட்மன், அவருக்கு இதில் ஆர்வம் இருக்காது, அவர் அரசியல், சமூக நிகழ்ச்சிகள் எடுப்பவர் என்று முந்திக்கொண்டு பதில் சொன்னார். எனக்கு ஆர்வம் உண்டு என்று அந்த இடத்திலேயே மறுத்தார் கூனி.

அந்தக் கோடையில் அவர் அமெரிக்கா, கனடா முழுவதும் சுற்றி உளவியலாளர்கள், ஆசிரியர்கள், தொலைக்காட்சிக்காரர்கள் என்று பலரைச் சந்தித்தார். முன்பள்ளிக் கல்வியில் தொலைக்காட்சியை எப்படிப் பயன்படுத்தலாம் என்ற அறிக்கை அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் தயாரானது. அதன் மையக் கருத்து கல்வியாளர்களைத் திடுக்கிடச் செய்யக்கூடியது. நாடு முழுவதும் குழந்தைகள் பீர் விளம்பரப் பாட்டைப் பாடித் திரிகிறார்கள் என்றால், கற்றுத்தரும் வித்தை ஏற்கெனவே யாரிடமோ இருக்கிறது. விளம்பரக்காரர்களிடம் இருக்கிறது. சுருக்கமாகச் சொல்வது, பாட்டாகச் சொல்வது, திரும்பத் திரும்பச் சொல்வது. அதே உத்தியால் பீருக்குப் பதில் எழுத்துகளை விற்றால் என்ன? பத்தாண்டுக் காலம் விளம்பரத் தொழிலுக்கு அருகிலேயே இருந்தவருக்குத்தான் இது தோன்றியிருக்க முடியும். ‘இன்றைய நிகழ்ச்சியை உங்களுக்கு வழங்குவது’ என்று ஓர் எழுத்தையும் எண்ணையும் ‘செசமி ஸ்ட்ரீட்’ அறிவிக்கும் வழக்கம் இங்கிருந்து பிறந்தது.

அடுத்தது பணம். மோரிசெட் அதைத் திரட்டினார். மத்திய அரசின் கல்வி ஆணையர் ஹெரால்ட் ஹோவை அவருக்குத் தெரியும். இரண்டு ஆண்டுகளுக்கு ஏறக்குறைய எட்டு மில்லியன் டாலர் என்று திட்டமிட்டார்கள். அதில் பாதி அரசுப் பணம். மீதி கார்னகி, ஃபோர்டு அறக்கட்டளைகளும், 1967-இல் சட்டம் போட்டு உருவாக்கப்பட்ட பொது ஒலிபரப்புக் கழகமும் கொடுத்தவை. குழந்தைகள் நிகழ்ச்சிக்கு இவ்வளவு பெரிய தொகை அதுவரை யாரும் கேட்டதில்லை. பணம் கொடுத்தவர்களில் யாருக்கும் நிகழ்ச்சியில் தலையிடும் உரிமை கிடையாது என்ற ஏற்பாட்டோடு, குழந்தைகள் தொலைக்காட்சிப் பட்டறை என்ற புதிய நிறுவனம் 1968 மார்ச்சில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதியில் அறிவிக்கப்பட்டது.

அறிக்கை எழுதியவர் கூனி. திட்டத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அப்படியிருந்தும் தலைமைப் பதவி அவருக்கு என்பது நிச்சயமாக இருக்கவில்லை. ஒரு பெண் தலைமை வகித்தால் அரசாங்கமும் தொலைக்காட்சி முதலாளிகளும் இதைப் பொருட்டாக மதிக்க மாட்டார்கள் என்று பணம் கொடுப்பவர்கள் சிலர் தயங்கினார்கள். ஆண்களின் பெயர்கள் பரிசீலிக்கப்பட்டன. இரண்டாம் இடத்தில் இருந்து வேலை செய்ய மாட்டேன், வேண்டுமானால் விலகிக்கொள்கிறேன் என்று கூனி தெளிவாகச் சொல்லிவிட்டார். மோரிசெட் அவர் பக்கம் நின்றார். தேடிப் பார்த்தவர்களுக்கும் அவரைவிடப் பொருத்தமானவர் கிடைக்கவில்லை.

பதவியில் அமர்ந்ததும் அவர் செய்த முதல் பெரிய காரியம் ஆள் சேர்த்தது. ‘கேப்டன் காங்கரு’வில் பயின்ற டேவிட் கானல், சாம் கிப்பன், ஜான் ஸ்டோன் மூவரையும் தயாரிப்புக்குக் கொண்டுவந்தார். ஹார்வர்டின் உளவியல் பேராசிரியர் ஜெரால்ட் லெஸ்ஸர் ஆலோசகர் குழுவின் தலைவரானார். எட்வர்ட் பால்மர் ஆராய்ச்சிப் பிரிவை ஏற்றார். இந்த இரண்டு கூட்டமும் ஒன்றை ஒன்று சந்தேகத்தோடுதான் பார்த்தன. பேராசிரியர்கள் நிகழ்ச்சியைப் பாடப்புத்தகமாக்கிவிடுவார்கள் என்று தயாரிப்பாளர்கள் பயந்தார்கள்; இவர்களுக்குக் கூத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது என்று பேராசிரியர்கள் நினைத்தார்கள்.

1968 கோடையில் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் ஐந்து கருத்தரங்குகள் நடந்தன. உளவியலாளர்கள், ஆசிரியர்கள், விளம்பரக்காரர்கள், நகைச்சுவை எழுத்தாளர்கள், குழந்தைகள் நூல் எழுதுபவர்கள் எல்லோரும் ஒரே மேசையில். ஓவியரும் எழுத்தாளருமான மாரிஸ் செண்டாக் சலித்துப்போய்த் தாளில் கிறுக்கிக்கொண்டே இருந்தாராம். ஒரு கூட்டத்தின் கடைசி வரிசையில் தாடியும் நீண்ட முடியும் தோல் உடையுமாக ஒருவர் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். வெடிகுண்டு வைக்கும் தீவிரவாத இளைஞர்களில் ஒருவரோ என்று கூனிக்குக் கலக்கம். அவர்தான் ஜிம் ஹென்சன் என்று பிறகு சொன்னார்கள். கெர்மிட் தவளையை உருவாக்கிய ஹென்சனும் விளம்பரத்தில் வளர்ந்தவர். 1950-களின் இறுதியில் காப்பித்தூள் கம்பெனி ஒன்றுக்காகச் சில நொடிகளே ஓடும் பொம்மை விளம்பரங்களை நூற்றுக்கணக்கில் எடுத்தவர். ஹென்சன் வராவிட்டால் பொம்மையே வேண்டாம் என்று ஜான் ஸ்டோன் சொல்லியிருந்தார்.

ஆராய்ச்சியாளரும் கலைஞரும் சண்டை போடாமல் வேலை செய்யக் கூனி கண்ட வழி எளிமையானது. தீர்ப்பு சொல்லும் பொறுப்பைக் குழந்தையிடம் விட்டார். பால்மர் உருவாக்கிய சோதனை அதற்குக் கருவியானது. தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இன்னொரு திரை. அதில் ஏழெட்டு நொடிக்கு ஒரு முறை வண்ணப் படங்கள் மாறிக்கொண்டே இருக்கும். குழந்தை எந்த நொடியில் நிகழ்ச்சியை விட்டுப் பக்கத்துத் திரைக்குத் திரும்புகிறது என்று குறித்துக்கொள்வார்கள். அந்தக் குறிப்புகள் கோட்டுப்படமாக மேசைக்கு வந்ததும், எந்தக் காட்சி சலிப்பூட்டியது என்று யாரும் வாதாட வேண்டியிருக்கவில்லை. எழுத்தாளர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு அவர்களே கோட்டுப்படத்தைத் தேடி வர ஆரம்பித்தார்கள்.

எதிர்பாராத விஷயங்களும் தெரியவந்தன. நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் மொட்டைத் தலையும் கணீர்க் குரலுமாக ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக, மிக நிதானமாகச் சொல்லும் துண்டு ஒன்றை எடுத்திருந்தார்கள். பெரியவர்கள் பார்த்தால் இழுவை என்பார்கள். ஆனால் எழுத்து திரையில் தோன்றுவதற்கும் அவர் அதைச் சொல்வதற்கும் இடையில் இருந்த மௌனத்தில் குழந்தைகள் தாங்களே அதைக் கத்திச் சொன்னார்கள். இரண்டாம், மூன்றாம் முறை பார்த்தபோது எழுத்து தோன்றும் முன்பே சொல்லத் தொடங்கினார்கள். வேகம்தான் குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்று நினைத்தவர்களுக்கு இது பாடமாக இருந்தது.

யாருக்காக இந்த நிகழ்ச்சி என்பதில் கூனி பிடிவாதமாக இருந்தார். நகரத்து ஏழைக் குழந்தைதான் முதல் பார்வையாளர். அதனால்தான் கதை நடக்கும் இடம் பூந்தோட்டமோ அரண்மனையோ அல்ல. ஹார்லெம் போன்ற பகுதியின் பழைய அடுக்குவீட்டுத் தெரு, வாசற்படி, மளிகைக் கடை, குப்பைத் தொட்டி. அங்கே குடியிருந்த கார்டனும் சூசனும் கறுப்பினத் தம்பதி. வெள்ளையர், கறுப்பினத்தவர் பிள்ளைகள் சேர்ந்து விளையாடினார்கள். நல்ல நிகழ்ச்சியைப் போட்டால் மட்டும் போதாது, ஏழைகள் வீட்டில் அது ஓட வேண்டும் என்பதற்காக ஈவ்லின் டேவிஸ் என்ற சமூகப் பணியாளர் தலைமையில் தனிப் பிரிவு ஒன்று இயங்கியது. குடியிருப்புகளிலும் தேவாலயங்களிலும் தாய்மார்களைக் கூட்டி, குழந்தைகள் சேர்ந்து பார்க்கும் இடங்களை அது ஏற்பாடு செய்தது.

வரவேற்பு உடனே வந்தது. முதல் பருவத்தில் 130 நிகழ்ச்சிகள். 1970 நவம்பரில் ‘டைம்’ வார இதழின் அட்டையில் பிக் பர்ட். எதிர்ப்பும் வந்தது. 1970 மே மாதம் மிசிசிப்பி மாநிலக் கல்வித் தொலைக்காட்சி ஆணையம் நிகழ்ச்சியை ஒளிபரப்புவதில்லை என்று வாக்கெடுத்து முடிவு செய்தது. வெவ்வேறு நிறத்துக் குழந்தைகள் கலந்து பழகுவதைப் பார்க்க மாநிலம் இன்னும் தயாராகவில்லை என்பதே உள்ளே சொல்லப்பட்ட காரணம். செய்தி பத்திரிகைகளில் கசிந்து நாடு முழுவதும் கேலிக்கு ஆளானதும், 22 நாளில் முடிவு திரும்பப் பெறப்பட்டது.

ஆதரவாளர்களிடமிருந்தும் விமர்சனம் வந்தது. அதற்குத்தான் நிறுவனம் அதிகம் செவிசாய்த்தது. சூசனை வெறும் இல்லத்தரசியாகக் காட்டுவதைப் பெண்ணியவாதிகள் கண்டித்தார்கள். சூசன் செவிலியாக வேலைக்குப் போனார். ஸ்பானிய மொழி பேசுவோர் தெருவில் இல்லையே என்ற குறை எழுந்தது. 1971-இல் மரியாவும் லூயிஸும் வந்தார்கள். அதே ஆண்டில் பிரிட்டனின் பிபிசி நிகழ்ச்சியை வாங்க மறுத்தது. குழந்தைகள் நிகழ்ச்சிப் பிரிவின் தலைவர் மோனிகா சிம்ஸ், சரியான விடையை மட்டும் எதிர்பார்க்கும் இந்த முறை குழந்தையின் நடத்தையை வார்த்தெடுக்கப் பார்க்கிறது என்று குறை கூறினார். இரண்டு பெண்கள், இரண்டு நாடுகளின் குழந்தைகள் தொலைக்காட்சியைப் பற்றி எதிரெதிர்க் கருத்தோடு இருந்தார்கள் என்பதே அந்தக் காலத்தில் அரிய காட்சி.

உண்மையில் குழந்தைகள் கற்றார்களா? முதல் பருவம் முடிந்ததும் கல்விச் சோதனைச் சேவை நிறுவனத்தை அமர்த்தி மதிப்பிடச் செய்தார்கள். அதிகம் பார்த்த குழந்தைகள் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் 1975-இல் தாமஸ் குக் தலைமையிலான ஆய்வாளர்கள் அதே தரவை மீண்டும் அலசி, சங்கடமான ஒரு கேள்வியை எழுப்பினார்கள். வசதியான வீட்டுக் குழந்தைகளும் இதைப் பார்க்கிறார்கள், அவர்களும் முன்னேறுகிறார்கள். அப்படியானால் ஏழைக் குழந்தைகளுக்கும் அவர்களுக்கும் உள்ள இடைவெளி குறைவது எப்படி? இதற்குக் கூனியின் நிறுவனத்திடம் முழுமையான பதில் இருக்கவில்லை. எல்லோருக்கும் திறந்த வாசல் வழியாக ஏழை மட்டும் நுழைய வேண்டும் என்று எந்தத் தொலைக்காட்சியாலும் சொல்ல முடியாது.

பதிலின் ஒரு பகுதி நாற்பது ஆண்டு கழித்து வந்தது. மெலிசா கியர்னி, ஃபிலிப் லெவின் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஒரு தொழில்நுட்பத் தற்செயலைப் பயன்படுத்தினார்கள். 1969-இல் சில ஊர்களில் இந்த நிகழ்ச்சி விஎச்எஃப் அலைவரிசையில் தெளிவாகத் தெரிந்தது. வேறு சில ஊர்களில் யுஎச்எஃப்-இல் வந்ததால் பல வீட்டுப் பெட்டிகளில் சரியாகத் தெரியவில்லை. மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு நிகழ்ச்சி எட்டவே இல்லை. 2015-இல் வெளியான அவர்களின் ஆய்வுப்படி, படம் தெளிவாகத் தெரிந்த ஊர்களின் குழந்தைகள் வயதுக்கேற்ற வகுப்பில் இருக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. சிறுவர்களிடமும் கறுப்பினக் குழந்தைகளிடமும் பின்தங்கிய பகுதிகளிலும் இந்தப் பலன் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பிற்கால வேலைவாய்ப்பிலும் வருமானத்திலும் அப்படி உறுதியான பலன் தென்படவில்லை.

கூனி ஒரே நிகழ்ச்சியோடு நிற்கவில்லை. 1971-இல் சற்றுப் பெரிய குழந்தைகளுக்கு வாசிப்பைக் கற்றுத்தர ‘தி எலெக்ட்ரிக் கம்பெனி’ வந்தது. பின்னாளில் ஆஸ்கர் விருது வாங்கிய நடிகர் மோர்கன் ஃப்ரீமன் அதில் நடித்தார். 1980-இல் அறிவியலுக்கு ‘3-2-1 கான்டாக்ட்’, 1987-இல் கணக்குக்கு ‘ஸ்கொயர் ஒன் டிவி’. வெளிநாடுகளும் கேட்டு வந்தன. மொழிமாற்றம் செய்து கொடுப்பதோடு நிறுத்தாமல், அந்தந்த நாட்டுக் கல்வியாளர்களும் கலைஞர்களும் தங்கள் தெருவைத் தாங்களே உருவாக்கட்டும் என்ற ஏற்பாடு உருவானது. 1972-இல் மெக்சிகோவிலும் பிரேசிலிலும், 1973-இல் ஜெர்மனியிலும் அப்படித் தொடங்கினார்கள். தென்னாப்பிரிக்கப் பதிப்பில் 2002-இல் எச்ஐவி தொற்றுள்ள காமி என்ற பொம்மை வந்தது. இந்தியாவுக்கு 2006-இல் ‘கலி கலி சிம் சிம்’ வந்தது. பள்ளிச் சீருடை அணிந்த சம்கி என்ற சிறுமிப் பொம்மை அதன் முகம்.

தலைவராக இருந்த காலத்தில் அவர் கண்ட கடினமான சோதனைகளில் ஒன்று 1982 டிசம்பரில் வந்தது. மளிகைக் கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ இறந்துபோனார். வேறு நடிகரைப் போடலாம். ஊருக்குப் போய்விட்டார் என்று சொல்லலாம். இறந்துவிட்டார் என்றே சொல்வது என முடிவானது. மரணத்தைப் பற்றிக் குழந்தைகளுக்கு என்ன புரியும் என்று உளவியலாளர்களைக் கலந்து எழுதி, குழந்தைகளிடம் காட்டிப் பார்த்து, பெற்றோர் வீட்டில் இருக்கும் நாள் என்பதற்காக 1983 நவம்பரில் நன்றியறிதல் விடுமுறையன்று ஒளிபரப்பினார்கள். இரண்டு ஆண்டு கழித்து இன்னொரு மாற்றம். பிக் பர்டின் கண்ணுக்கு மட்டும் தெரிந்துவந்த ஸ்னஃபி என்ற பிராணியைப் பெரியவர்களும் பார்க்கும்படி செய்தார்கள். நாம் சொல்வதைப் பெரியவர்கள் நம்ப மாட்டார்கள் என்ற எண்ணம் குழந்தைகளிடம் பதிந்தால், கொடுமைக்கு ஆளான குழந்தை வாய் திறக்காது என்பதே காரணம். 1992-இல் ஸ்னஃபியின் பெற்றோர் விவாகரத்து செய்வதாக ஒரு பகுதியை முழுதாக எடுத்து முடித்தார்கள். சோதனையில் பார்த்த குழந்தைகள் கலங்கினார்கள்; கதையைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள். அந்தப் பகுதி ஒளிபரப்பாகவே இல்லை. அப்போது கூனி அன்றாடப் பொறுப்பில் இல்லை. அவர் ஏற்படுத்திய முறை வேலை செய்தது.

பணத்தின் கதை இவ்வளவு சீராக இல்லை. அரசு மானியம் நிலையாக இருக்காது என்பதை அவர் ஆரம்பத்திலேயே உணர்ந்திருந்தார். 1980-களின் தொடக்கத்தில் அது நின்றுபோனது. அதற்கு முன்பே புத்தகம், இசைத்தட்டு, பொம்மை விற்பனையில் வரும் உரிமத்தொகையை ஹென்சனும் நிறுவனமும் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு இருந்தது. 1980-இல் பென்சில்வேனியாவில் ‘செசமி பிளேஸ்’ பூங்கா திறந்தது. விளம்பரக்காரர்களின் வித்தையைக் கடன் வாங்கிப் பிறந்த நிகழ்ச்சி, பொம்மைக் கடையின் வருமானத்தை நம்பி வாழ வேண்டியிருந்தது. இதற்காகக் கண்டித்தவர்கள் உண்டு. நிறுவனம் லாப நோக்கற்றது, வரும் பணம் நிகழ்ச்சிக்கே போகிறது என்பது அதன் பதில்.

1989-இல் ஹென்சன் தன் கம்பெனியை டிஸ்னிக்கு விற்கப் பேசியபோது, ‘செசமி ஸ்ட்ரீட்’ பொம்மைகள் அந்த விற்பனையில் சேராது என்று அவரே விலக்கி வைத்தார். 1990 மே மாதம் 53 வயதில் அவர் எதிர்பாராமல் இறந்ததும் அந்தப் பேரம் முறிந்தது. அதே ஆண்டில் கூனி தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பிலிருந்து விலகினார். 1995-இல் அமெரிக்காவின் உயர்ந்த குடிமக்கள் விருதான சுதந்திரப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. 2000-இல் நிறுவனத்தின் பெயர் செசமி வொர்க்‌ஷாப் என்று மாறியது. 2007-இல் டிஜிட்டல் காலத்துக் குழந்தைகளின் கற்றலை ஆராய அவர் பெயரில் ஓர் ஆய்வு மையம் அமைந்தது.

கூனியின் சாதனையை எடை போட்டால் அதில் இரண்டு பங்கு இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே முடிவு கிடைக்கவில்லை. ஆராய்ச்சியாளரைத் தயாரிப்பு அறைக்குள் உட்காரவைத்த அவருடைய முறை முழு வெற்றி பெற்றது. லாபத்துக்காக நடக்கும் போட்டி நிறுவனங்களே அதை எடுத்துக்கொண்டன. நிக்கலோடியன் 1996-இல் தொடங்கிய ‘ப்ளூஸ் க்ளூஸ்’ ஒவ்வொரு பகுதியையும் குழந்தைகளிடம் பல முறை காட்டித் திருத்திய பிறகே ஒளிபரப்பியது. இன்று முன்பள்ளிக் குழந்தைகளுக்கு நிகழ்ச்சி எடுக்கும் நல்ல நிறுவனம் எதுவும் இதைத் தவிர்ப்பதில்லை.

ஏழைக் குழந்தையின் நிகழ்ச்சிக்குப் பொதுப் பணம் என்ற மற்றப் பங்கு அப்படி வேரூன்றவில்லை. 2016 முதல் புதிய பகுதிகள் கட்டணச் சேனலான எச்பிஓவில் முதலில் வந்தன; பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ்ஸில் அவற்றைப் பார்க்க ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. யாருக்காகத் தொடங்கியதோ அந்தக் குழந்தை வரிசையின் கடைசிக்குப் போய்விட்டது என்ற குற்றச்சாட்டில் நியாயம் இருந்தது. 2025-இல் நெட்ஃபிளிக்ஸோடு செய்த புதிய ஒப்பந்தம் அதைச் சரிசெய்தது: புதிய பகுதிகள் அதே நாளில் பிபிஎஸ்ஸிலும் இலவசமாகக் கிடைக்கும். அதே ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கிய நிதியைத் திரும்பப் பெற்றது. 1968-இல் கூனியின் திட்டத்துக்குப் பணம் கொடுத்தவற்றில் ஒன்றான பொது ஒலிபரப்புக் கழகம், தன் பணிகளை முடித்துக்கொள்வதாக அறிவித்தது.